வேலை பாக்குற எடத்த எப்படி அலங்கரிக்கலாம்? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, நீங்க உக்காந்து வேலை பாக்குற எடத்த பத்தி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கன்னு போட்டிருந்தோம். கடிதமும் வாட்ஸ்அப் மெசேஜுமா நெறைய வந்துச்சு, பாதிக்கு மேல ரூம் போட்டோவோட அனுப்பியிருந்தீங்க, அது ரொம்ப உதவியா இருந்துச்சு. இந்த தடவ தையல், ஓவியம், எழுத்து, எடிட்டிங்னு சொந்தமா யோசிச்சு செய்ற வேலைக்காரங்க கேள்வியா பாத்து எடுத்திருக்கேன்.

அக்கா, ஜெய்ஹிந்த்புரத்துல வீட்லயே ஆரி ஒர்க் ப்ளவுஸ் போட்டு குடுக்கேன். மாடியில எட்டுக்குப் பத்து ரூம், மேற்கு பாத்து ஒரே ஜன்னல். மதியத்துக்கு மேல புது டிசைன் யோசிக்கவே ஓட மாட்டேங்குது. இன்ஸ்டாகிராம்ல வர்ற மாதிரி ஒரு சுவர் முழுக்க பூப்போட்ட வால்பேப்பர், ஃபெய்ரி லைட், நியான் போர்டு எல்லாம் வச்சா ஐடியா வருமா? பத்தாயிரம் ரூவா வரைக்கும் செலவு பண்ணலாம்னு இருக்கேன்.

தங்கச்சி, வால்பேப்பர இப்போதைக்கு ஓரமா வைங்க. உங்களுக்கு மதியத்துக்கு மேல தான் ஓடலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்ப பிரச்சன வெயில். மேற்கு சுவர் ஒரு மணியில இருந்து வெயில வாங்கிட்டே இருக்கும், பொழுது சாஞ்சப்புறம் அத உள்ள விடும், ராத்திரி ஒம்பது மணிக்கு சுவர்ல கை வச்சு பாருங்க, சுடும். சித்திரை வைகாசில மதுரைக்கு 38, 40 டிகிரி புதுசு கெடையாது, மாடி ரூம்னா மேல தளமும் சேந்து காயும். அந்த சூட்டுல யார் உக்காந்தாலும் ஏற்கனவே கை பழகுன மயிலயும் மாங்காயயும் தான் திரும்பத் திரும்ப போடுவாங்க, புதுசா ஒண்ணு யோசிக்க ஒடம்பு எடம் குடுக்காது. அதனால உங்க பத்தாயிரத்துல மொத செலவு மொட்ட மாடிக்கு. சுண்ணாம்பு அடிங்க, இல்லன்னா கூல் ரூஃப் பெயிண்ட்னு வெள்ளயா விக்கிறத ரெண்டு கோட்டு அடிங்க, பங்குனிக்குள்ள முடிச்சுட்டா அந்த வருஷ வெயிலுக்கு தயார். ஜன்னலுக்கு மூங்கில் தட்டி வாங்கி வெளிப்பக்கமா தொங்க விடுங்க. உள்ள ஸ்க்ரீன் போட்டா வெயில் கண்ணாடிய தாண்டி வந்தப்புறம் தான் அது தடுக்குது, சூடு ரூமுக்குள்ள வந்தது வந்தது தான், வெளிய தட்டி இருந்தா ஜன்னல் வரைக்குமே வராது.

அடுத்து லைட். உங்க போட்டோவுல ஒரே ஒரு எல்இடி ட்யூப் இருக்கு, அதுவும் ஆளுக்கு பின்னாடி, அப்ப உங்க தலை நிழலும் கை நிழலும் ஃப்ரேம் மேலயே விழும். வலது கைக்காரங்கன்னா எடது பக்கத்துல இருந்து வெளிச்சம் வரணும். கை மடக்குற டேபிள் லேம்ப் ஒண்ண ஸ்டாண்டுக்கு எடது பக்கம் மாட்டுங்க. பல்ப் வாங்கும் போது அட்டையில சிஆர்ஐ 90ன்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க, கலர எந்தளவுக்கு சரியா காட்டும்ங்கிறதுக்கான கணக்கு அது, உங்க தொழிலுக்கு இது ரொம்ப முக்கியம். சாதாரண எல்இடில அடர் செவப்பு சரியா தெரியாது, அரக்கு கலர் பாதி நேரம் காப்பிப்பொடி கலரா தெரியும், ராத்திரி பொடவைக்கு பொருத்தமா இருக்குன்னு எடுத்த நூலு காலையில வாசல்ல வச்சு பாத்தா தனியா அடிக்கும். கல்யாணப் பொண்ணு பொடவைக்கு நூலு எடுக்குறத பகல் வெளிச்சத்துலயே முடிச்சிருங்க, ராத்திரில போடுற வேலைய மட்டும் லேம்ப்ல பாருங்க. வெளிச்சம் பத்தி இன்னொண்ணு, ஜெர்மனில 2013ல வெளியான ஒரு ஆராய்ச்சில, 150 லக்ஸ் (வெளிச்சத்த அளக்குற கணக்கு) அளவு மங்குன வெளிச்சத்துல இருந்தவங்களுக்கு, 500 லக்ஸ்லயும் 1500 லக்ஸ்லயும் இருந்தவங்கள விட புதுசா யோசிக்கிறது நல்லா வந்துச்சுன்னு சொல்றாங்க, கணக்கா ஆராய்ஞ்சு பாக்குற வேலைக்கு அது ஒத்து வரலையாம். உங்களுக்கு இத எப்படி எடுத்துக்கலாம்னா, ஊசி போடும் போது நல்ல வெளிச்சம், டிசைன் யோசிக்கும் போது அந்த லேம்ப அணைச்சுட்டு தரையில பாய் போட்டு நோட்டோட உக்காருங்க. நீங்க கேட்ட ஃபெய்ரி லைட்ட அந்த மூலையில போட்டுக்கலாம், நூறு இருநூறுல முடிஞ்சுரும்.

சுவர் வெள்ளயா, இல்ல லேசான சந்தன கலர்லயே இருக்கட்டும். ரோஸ் கலர் சுவர் இருந்தா அந்த ரோஸ் துணி மேல அடிக்கும், வெள்ளப் பட்டே ரோஸா தெரியும். பூப்போட்ட வால்பேப்பருக்கு முன்னாடி உக்காந்து பூ வரஞ்சா அந்தப் பூ தான் கைக்கு வரும், அது வேற ஒருத்தர் போட்ட பூ. அதுக்கு பதிலா உங்க நேர் எதுத்தாப்புல நாலுக்கு மூணு அடில ஒரு சாஃப்ட் போர்டு அடிங்க. அதுல உங்க சரக்கயே குத்தி வைங்க, நூலு மிச்சம், நாலு வகை சம்கி, கட் பீட்ஸ், போட்டு பாத்து வேணாம்னு விட்ட சாம்பிள், ஊசி குத்துன ட்ரேஸ் பேப்பர், எல்லாம். வேணாம்னு விட்ட சாம்பிளுக்கு பக்கத்துல வேற நெறத்துல ஒரு நூல தொங்க விட்டு பாத்தீங்கன்னா அங்க தான் அடுத்த டிசைன் கெளம்பும். நூல் கண்டுகள வெயில் படாத சுவர்ல அடுக்குங்க, மேற்கு வெயில் ஒரே சீசன்ல கலர வெளிறடிச்சுரும்.

அப்புறம் ஒரு வேலை வச்சுக்கங்க. மீனாட்சி கோயிலுக்கு போகும் போது தூண்ல இருக்க ஒரே ஒரு கொடியவோ யாளியோட பிடரியவோ நின்னு பாருங்க. உள்ள செல்போன் கொண்டு போக முடியாது, அது உங்களுக்கு நல்லதுக்கு தான், கண்ணால பாத்தத வெளிய வந்து நோட்டுல வரையும் போது பாதி மறந்திருக்கும், அந்த மறந்த பாதிய உங்க கை நெரப்பும். அந்தத் தாள போர்டுல குத்துங்க. நியான் போர்டு வேணாம்மா, அந்தக் காசுக்கு நல்ல ஸ்டூல் வாங்குங்க, முதுகு வலிச்சா எந்த அலங்காரமும் கண்ணுல படாது.

அக்கா வணக்கம். திருநகர். வீடியோ எடிட்டிங் பண்றேன், கல்யாண வீடியோவும் யூட்யூப் சேனல்காரங்க வேலையும், கலர் கரெக்‌ஷனும் நான் தான். எனக்குன்னு தனி ரூம் இல்ல, ஹால்ல டிவிக்கு பக்கத்து மூல தான். கலர் கலரா எரியிற ஆர்ஜிபி லைட் ஸ்ட்ரிப் ஒட்டி, கறுப்பு பெயிண்ட் அடிச்சு செட்டப் மாதிரி பண்ணலாமா? வீட்ல அம்மா, தங்கச்சி, பாட்டி எல்லாரும் ஹால்ல தான் இருப்பாங்க.

தம்பி, நீங்க கலர் கரெக்‌ஷனும் பண்றீங்கன்னு எழுதியிருக்கீங்க, அப்ப ஆர்ஜிபி ஸ்ட்ரிப் உங்களுக்கு எதிரி. மானிட்டர சுத்தி நீலமும் ஊதாவும் எரிஞ்சா கண்ணு அதுக்கு பழகிட்டு, ஸ்க்ரீன்ல இருக்க பொண்ணு மாப்ள முகத்த மஞ்சளா காட்டும், நீங்க நீலத்த ஏத்துவீங்க, அப்புறம் அவங்க வீட்டு டிவில போட்டா எல்லாரும் வெளிறிப் போய் இருப்பாங்க. கலர் பாக்குற தொழில்ல பழகுன முறை என்னன்னா, மானிட்டருக்கு பின்னாடி இருக்க சுவர் சாம்பல் கலர், எந்த சாயலும் இல்லாத சாம்பல், அந்த சுவர்ல 6500 கெல்வின், அதாவது பகல் வெளிச்சம் மாதிரியான வெள்ள வெளிச்சம் மங்கலா விழணும், அம்புட்டு தான். மூலையில நாலடி அகலம் சாம்பல் அடிக்க ஒரு லிட்டர் பெயிண்டே மிச்சமாகும். கறுப்பு முழுசா அடிச்சா ஹால் சின்னதா தெரியும், பாட்டிக்கும் பிடிக்காது.

ஜன்னல் உங்களுக்கு பக்கவாட்டுல வர்ற மாதிரி மேசைய திருப்புங்க. போட்டோவுல ஜன்னல் முதுகுக்கு பின்னாடி இருக்கு, ஸ்க்ரீன்ல கிரில் கம்பி தெரியுது பாருங்க.

தனி ரூம் இல்லன்னு கவலப்படாதீங்க, தனி ரூம் இருக்கணும்னு அவசியமும் இல்ல. கூரைல ரெண்டு கொக்கி, நடுவுல கம்பி, அதுல ஒரு பழைய சுங்குடி சேல. அம்மாட்டயோ பாட்டிட்டயோ கண்டிப்பா ஒண்ணு இருக்கும். கையால முடிச்சு போட்ட சுங்குடியா இருந்தா கிட்டப் போய் ஒரு புள்ளிய பாருங்க, நடுவுல ஒரு சின்ன கலர் பொட்டு, சுத்தி வெள்ள வளையம், வளையத்தோட ஓரம் ஒரு பக்கம் கசிஞ்சிருக்கும், பக்கத்து புள்ளி வேற மாதிரி கசிஞ்சிருக்கும். துணிய விரல் நகத்தால கிள்ளி நூலால கட்டி சாயத்துல முக்கி அவுத்தா தான் அந்தப் புள்ளி வரும், ஆயிரக்கணக்குல இருந்தாலும் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. மதுரைல சௌராஷ்ட்ரா சமூகத்துக்காரங்க தலைமுறை தலைமுறையா செஞ்சது, 2005ல புவிசார் குறியீடும் கெடச்சிருக்கு. வேலைக்கு நடுவுல கண்ண ஸ்க்ரீன்ல இருந்து எடுத்து பாக்குறதுக்கு இத விட நல்ல தெர எனக்கு தெரியல. வேலை நேரம் இழுத்து விடுங்க, முடிஞ்சதும் ஒதுக்கிருங்க, சேல இழுத்திருந்தா தம்பி வேலைல இருக்கான்னு வீட்ல எல்லாருக்கும் புரிஞ்சுரும், யாரும் யார்ட்டயும் கத்த வேண்டியதில்ல.

சத்தம் பத்தி கேக்கலன்னாலும் சொல்றேன். 2012ல வந்த ஒரு ஆய்வுல 70 டெசிபல், அதாவது ஆளுங்க வந்து போற காப்பிக்கட இரைச்சல் அளவு, புதுசா யோசிக்கிறதுக்கு அமைதிய விட நல்லா இருந்துச்சுன்னும், 85க்கு போனா கெடுத்துருச்சுன்னும் கண்டாங்க. ஆனா டிவி சீரியல் வசனம் வேற கணக்கு, நமக்கு புரியிற மொழில பேச்சு காதுல விழுந்தா மனசு அது பின்னாடியே போயிரும். தெருச் சத்தமும் ஃபேன் சத்தமும் இருந்துட்டு போகட்டும், சீரியல் நேரத்துக்கு மட்டும் ஹெட்போன்.

கிழக்கு பாத்து உக்காந்தா தான் புத்தி வேலை செய்யும்னு வீட்ல சொல்றாங்க, நான் ஜன்னல் பாத்து உக்காரணும்னு நெனைக்கேன். எது சரி? (வில்லாபுரம் வாசகி)

பெரியவங்க சொல்றத கேக்குறதுல உங்களுக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லம்மா, ஒரே ஒரு விஷயம் மட்டும் பாத்துக்கங்க. கிழக்கு ஜன்னல நேரா பாத்து உக்காந்தா காலைல ஏழுல இருந்து ஒம்பதரை வரைக்கும் கண்ணு கூசும், அந்த நேரத்துக்கு கீழ்ப்பாதிய மட்டும் மறைக்கிற மாதிரி அரைத் திரை போடுங்க. வீட்லயும் சந்தோஷம், உங்களுக்கும் வேலை ஓடும்.

பசுமலைல இருக்கேன், வாட்டர்கலர் பண்றேன். ஓவியர்களுக்கு வடக்கு ஜன்னல் வெளிச்சம் தான் நல்லதுன்னு எல்லா எடத்துலயும் படிச்சு, வடக்கு ரூம ஸ்டூடியோவா மாத்துனேன். ஆனா மே, ஜூன்ல வடக்கு ஜன்னல்ல வெயிலே அடிக்குது. ரூமுக்கு என்ன படம் மாட்டலாம்னும் சொல்லுங்க.

உங்க ஜன்னல்ல தப்பே இல்ல. வடக்கு வெளிச்சம்ங்கிறது ஐரோப்பால பொறந்த பழக்கம், அங்க சூரியன் வருஷம் பூரா நண்பகல்ல தெற்கு வானத்துலயே இருக்கும், வடக்கு ஜன்னல்ல நேர் வெயில் விழுறது ரொம்பக் கம்மி, காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே சீரான வெளிச்சம். நம்ம மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்க கிட்டத்தட்ட 10 டிகிரில இருக்கு. ஏப்ரல் நடுவுல, சித்திரை பொறக்குற சமயத்துல, சூரியன் நம்ம தலைக்கு நேரா வந்து, அதுக்கப்புறம் வடக்க நகந்துரும், திரும்ப ஆகஸ்ட் கடைசில தான் தலைக்கு மேல வந்து தெற்க போகும். அந்த நாலு மாசத்துக்கு மேல வடக்கு ஜன்னலுக்கும் வெயில் உண்டு. நண்பகல்ல உச்சிக்கு பக்கத்துல இருக்கதால சன்ஷேடே தடுத்துரும், தொந்தரவு காலைலயும் சாயங்காலமும் சாய்வா வர்றது தான்.

அதுக்கு ஈஸியான வழி, சித்திரைல இருந்து ஆவணி வரைக்கும் ஜன்னல் கண்ணாடில ட்ரேசிங் பேப்பர் ஒட்டிருங்க. இல்லன்னா மெல்லிசான வெள்ள வேட்டித் துணிய இழுத்து கட்டுங்க. வெயில் உடைஞ்சு ரூம் முழுக்க பரவும், தாள் மேல நிழல் கோடு விழாது. புரட்டாசி வந்ததும் எடுத்துருங்க, அதுக்கப்புறம் பங்குனி வரைக்கும் உங்க ரூம் மாதிரி ரூம் கெடைக்காது.

படம்னா, மனோகர் தேவதாஸ் வரஞ்ச மதுரைக் கோட்டோவியம் ஒண்ணு கெடச்சா பிரிண்ட் மாட்டுங்க. விழித்திரை நோயால வருஷா வருஷம் பார்வ சுருங்கிட்டே வந்தவர், அந்தப் பார்வையோடயே பேனா மைல கோயில் கோபுரத்தயும் நம்ம ஊர் தெருவயும் கோடு கோடா வரஞ்சார், 2020ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, 2022 டிசம்பர்ல தவறிட்டார். ஒரு படத்த கிட்ட வச்சு பாத்தா ஒரு கல்லுக்கு எத்தன விதமான கோடு போட்டிருக்கார்னு தெரியும். உங்களுக்கு அவசரமா முடிக்கணும்னு கை பரபரக்குற அன்னைக்கு அத பாருங்க. மத்த சுவர்ல உங்க அரைகுறை படங்கள க்ளிப்புல தொங்க விடுங்க. முடிஞ்ச படத்த வேற ரூம்ல மாட்டுங்க, முடிஞ்சது கண்ணு முன்னாடி இருந்தா அதே மாதிரி இன்னொண்ணு போடத் தோணும்.

மேசைல என்ன செடி வைக்கலாம்? காத்த சுத்தம் பண்ணும், ஆக்ஸிஜன் தரும்னு சொல்றாங்களே, உண்மையா? (அண்ணா நகர், ஐடி வேலை)

அந்தப் பேச்சு 1989ல நாசா பண்ண ஆராய்ச்சில இருந்து வந்தது. அவங்க காத்து போக வர வழியில்லாம மூடுன பெட்டிக்குள்ள செடி வச்சு பாத்தாங்க. நம்ம வீட்ல ஜன்னல், கதவு, ஃபேன்னு காத்து மாறிட்டே இருக்கு, அதுல ரெண்டு தொட்டி வச்சு காத்து சுத்தமாகாது, 2019ல இத திரும்ப கணக்கு போட்டவங்க ஒரு சதுர மீட்டருக்கு பத்துல இருந்து ஆயிரம் செடி வரைக்கும் வேணும்னு சொல்லிட்டாங்க. அதனால காத்துக்காக வைக்காதீங்க, கண்ணுக்காக வைங்க, பச்சைய பாத்தா கண்ணுக்கு இதமா இருக்கும், அது போதுமே. ஏசி ரூம்னா ஸ்நேக் ப்ளாண்ட் தாங்கும், பத்து நாளைக்கு ஒரு தடவ தண்ணி போதும். மணி ப்ளாண்ட்ட பாட்டில்ல வச்சா வாரத்துக்கு ஒரு தடவ கண்டிப்பா தண்ணி மாத்தி பாட்டில கழுவுங்க, டெங்கு கொசு நல்ல தண்ணில தான் முட்ட வைக்கும், ஒரு வாரம் பத்து நாள்ல பறக்க ஆரம்பிச்சுரும். போர் தண்ணி உப்பா இருக்க ஏரியான்னா எலை நுனி கருகும், குடிக்கிற தண்ணி ஊத்துங்க. பூ வாசம் வேணும்னா ஒரு கைப்பிடி உதிரி மல்லிய தட்டுல வச்சாலே போதும்.

ஐயா/அம்மா, மேலூர் பக்கம். பள்ளி ஆசிரியரா இருந்து ஓய்வு பெற்றவன். எங்க பகுதி மலைகள், கல்வெட்டுகள், குடைவரைகள் பத்தி எழுதிக்கிட்டு இருக்கேன். மேசை முழுக்க தாள், புத்தகம், போட்டோ. துணைவியார் தினமும் ஒழுங்கு பண்ணச் சொல்றாங்க, ஒழுங்கு பண்ணினா எனக்கு எழுத்து நின்னு போகுது. யார் சொல்றது சரி?

ஐயா வணக்கம். ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. 2013ல அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழகத்துக்காரங்க, ஒழுங்கான ரூம்ல சில பேரயும் கலைஞ்சு கெடக்குற ரூம்ல சில பேரயும் உக்கார வச்சு, பிங்பாங் பந்த வேற எதுக்கெல்லாம் பயன்படுத்தலாம்னு கேட்டாங்க. ரெண்டு ரூம்லயும் வந்த யோசனை எண்ணிக்கை ஒண்ணு தான், ஆனா கலைஞ்ச ரூம்ல வந்தது புதுசா இருந்துச்சு. அதே ஆய்வுல இன்னொரு சோதனைல ஒழுங்கான ரூம்ல இருந்தவங்க நன்கொடை நெறைய குடுத்தாங்க, சாக்லேட்ட விட்டுட்டு ஆப்பிள எடுத்தாங்க. அந்த பந்து கேள்வி நாப்பத்தி எட்டு பேர வச்சு பாத்த சின்ன சோதனை தான், ஆனாலும் எழுதுறவங்க அனுபவத்துக்கு ஒத்து போகுது. தகவல் சேக்கும் போதும் ஒண்ணோட ஒண்ண முடிச்சு போடும் போதும் எல்லாம் கண்ணு முன்னாடி கெடக்கணும், அத்தியாயம் அத்தியாயமா எழுதி திருத்தும் போது அந்த அத்தியாயத்துக்கு வேண்டியது மட்டும் மேசைல இருக்கணும்.

நீங்க எழுதுறது எடத்த பத்தின வேலை, அதனால உங்களுக்கு நான் சொல்ற அலங்காரம் ஒரு பெரிய வரைபடம். இந்திய நில அளவைத் துறை வெப்சைட்ல 1:50,000 அளவு வரைபடம் இலவசமா டவுன்லோட் பண்ணலாம், ரெண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர், ஊரணி, கண்மாய், குன்று, வண்டிப்பாத எல்லாம் இருக்கும். வீட்டுப் பிள்ளைங்கட்ட சொல்லி எடுத்து, ப்ளாட்டர் வச்சிருக்க கடைல பெரிய தாள்ல பிரிண்ட் போட்டு, மேசைக்கு மேல சுவர்ல ஒட்டுங்க. மாங்குளம் குன்றுல ஒரு குண்டூசி, அரிட்டாபட்டில ஒண்ணு, நீங்க நடந்து பாத்த ஒவ்வொரு எடத்துக்கும் ஒண்ணு, அதுல இருந்து நூல் இழுத்து ஓரத்துல அந்தக் கல்வெட்டு போட்டோ. கீழ வருஷ வரிசையா ஒரு கயிறு கட்டி சீட்டு தொங்க விடுங்க, 1882ல ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சிவெல் மாங்குளம் கல்வெட்ட பாத்தது, 2022ல அரிட்டாபட்டிய பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சதுன்னு. மேசைல கெடக்குற தாள்ல பாதி சுவருக்கு ஏறிரும், அம்மாவுக்கும் மேசை தெரியும், உங்களுக்கும் எல்லாம் கண்ணுல படும். ரெண்டு குண்டூசிக்கு நடுவுல இருக்க வெத்து எடத்த பாத்துட்டே இருந்தா, ஏன் இந்தக் குன்றுல ஒண்ணும் இல்லன்னு ஒரு கேள்வி வரும், அங்க இருந்து அடுத்த கட்டுரை ஆரம்பிக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய தாள தரையில அடுக்காதீங்க, மர அலமாரிய சுவர ஒட்டி வைக்காம ஒரு சாண் தள்ளி வைங்க. கரையான் சுவர் வழியா தான் ஏறும், மண் கோடு தெரிஞ்சா அன்னைக்கே தட்டி விட்டு ஆள கூப்புடுங்க. கல்வெட்டு மேல தாள் ஒத்தி எடுத்த படிய மட்டும் இரும்பு பீரோவுல வச்சிருங்க.

வடபழஞ்சி பக்கம் ஆறு பேர் சேந்து சின்ன கம்பெனி வச்சிருக்கோம், ஆப் டிசைன் வேலை. புது ஆபீஸ் நாலு மாடி கட்டடத்துல மொத மாடி, பத்தடி உயரம், அதுக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு, சுவர்ல பெரிய எழுத்துல ஊக்கமூட்டுற வாசகம் எழுதலாம்னு ப்ளான். உங்க கருத்து?

ஃபால்ஸ் சீலிங் மொட்ட மாடிக்கு நேர் கீழ இருந்தா சூட்டுக்கு கொஞ்சம் உதவும். நீங்க நாலு மாடி கட்டடத்துல மொத மாடில இருக்கீங்க, உங்களுக்கு எதுக்கு? இருக்க பத்தடி உயரத்த எட்டரையா கொறைக்காதீங்க. 2007ல வந்த ஒரு ஆராய்ச்சி எட்டடி கூரையயும் பத்தடி கூரையயும் ஒப்பிட்டு பாத்துச்சு, ஒசந்த கூரைக்கு கீழ இருந்தவங்க பரந்து யோசிச்சாங்க, தாழ்ந்த கூரைக்கு கீழ இருந்தவங்க நுணுக்கத்த பாத்தாங்க. ஆய்வு வேணாம்னா ஒரு நாள் ஆறு பேரும் திருமலை நாயக்கர் மகாலுக்கு போங்க, 1636ல கட்டுனது, அந்த பெரிய தூணுங்களுக்கு நடுவுல நின்னு அண்ணாந்து பாருங்க, மூச்சே வேற மாதிரி வரும். அங்க உக்காந்தே ஒரு மீட்டிங் போடலாம், காசு டிக்கெட்டுக்கு மட்டும் தான்.

சுவர்ல வாசகம் வேணவே வேணாம். ரெண்டாவது வாரத்துல இருந்து யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரு சுவர் முழுக்க வெள்ள போர்டு அடிங்க, நின்னுக்கிட்டு எழுதுற உயரத்துல. எதுத்த சுவர்ல உங்க ஆப்ப பயன்படுத்துறவங்க உண்மையா சொன்னத ஒட்டுங்க, “பட்டன் எங்க இருக்குன்னு தெரியல”ன்னு ஒரு பலசரக்கு கடைக்காரர் அனுப்புன மெசேஜ பெருசா பிரிண்ட் போட்டு ஒட்டுங்க. ஆறு பேரும் டீ குடிக்கும் போது அத பாத்துட்டே குடிப்பீங்க, யாராவது ஒருத்தர் ஏதாவது சொல்லுவாங்க. அந்த பட்டன் இருக்க ஆப் ஸ்க்ரீன, முந்தி போட்ட நாலு வடிவத்தோட வரிசையா மாட்டுனா புதுசா சேர்ற பிள்ளைங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல.

டிசைன் பண்றவங்கன்னு சொல்றதால இன்னொரு எடமும் சொல்றேன், கீழடி அருங்காட்சியகம். 2023 மார்ச்ல தொறந்தது, செட்டிநாட்டு வீட்டு பாணில கட்டியிருக்காங்க. அங்க பானை ஓட்டுல கீறியிருக்க குறியீடுகள பாருங்க. மீன், ஏணி மாதிரி ரெண்டு மூணு கோட்டுல முடிச்சிருக்காங்க. ஐகான் வரையிறவங்க நின்னு பாக்க வேண்டியது அது. அங்க பாத்து வரஞ்சு கொண்டு வர்றத ஆபீஸ் சுவர்ல ஒட்டுங்க.

வாடகை வீடு, உசிலம்பட்டி. மகளுக்கு ஒம்பது வயசு, படம் வரையிறதுல உசுரா இருக்கா. சுவர்ல வரஞ்சு ஹவுஸ் ஓனர்ட்ட திட்டு வாங்கியாச்சு, ஆணி கூட அடிக்கக் கூடாதுங்கிறார். அவளுக்குன்னு ஒரு எடம் எப்படி பண்றது?

ஆணி இல்லாமலே பண்ணலாம்மா. மூணுக்கு நாலு அடி ப்ளைவுட் ஒண்ணு வாங்கி, ப்ளாக்போர்டு பெயிண்ட் ரெண்டு கோட்டு அடிச்சு சுவர்ல சாச்சு வைங்க, தரைல இருந்தே ஆரம்பிக்கட்டும், பிள்ளைங்க உக்காந்தும் படுத்தும் தான் வரையும். அது வழுக்காம இருக்க அடியில பழைய சைக்கிள் ட்யூப்ப வெட்டி ஒட்டுங்க. தாளுக்கு காசு செலவழிக்க வேணாம், சிவகாசி காலண்டர்ல மாசம் முடிஞ்ச தாள கிழிச்சு திருப்பிப் போட்டா பின்பக்கம் நல்ல வெள்ள, கெட்டி தாளு, க்ரேயான் அருமையா பிடிக்கும், தெரிஞ்ச கடைக்காரங்கட்ட சொல்லி வச்சா வருஷக் கடைசில கட்டா குடுப்பாங்க. ஜன்னல் கம்பிக்கும் கதவு கொண்டிக்கும் நடுவுல சணல் கட்டி துணி க்ளிப்புல அவ படத்த மாட்டுங்க, அவ கண்ணு மட்டத்துக்கு மாட்டணும், உங்க கண்ணு மட்டத்துக்கு வேணாம். எத மாட்டுறது, எத எடுக்குறதுன்னு அவளே முடிவு பண்ணட்டும். நவராத்திரிக்கு முன்னாடி ஒரு தடவ விளாச்சேரிக்கு கூட்டிட்டு போங்க, மண் பொம்மைக்கு கண்ணு தீட்டுறத கிட்ட நின்னு பாக்கட்டும், பெயிண்ட் அடிக்காத பொம்மை ஒண்ணு கேட்டு வாங்கி குடுங்க, அவ தீட்டுனது அவ மூலைல இருக்கட்டும்.

மேசை, அலமாரி எல்லாம் புதுசு வாங்காம பழசா, அழகா எங்க வாங்கலாம்? (பல பேர் கேட்டது)

காரைக்குடில முனீஸ்வரன் கோயில் தெரு. செட்டிநாட்டு வீடுகள்ல இருந்து வந்த தேக்கு மேசை, கணக்குப்பிள்ள சாய்வுப் பெட்டி, பித்தளைச் சாமான், எனாமல் தட்டுன்னு கடை கடையா இருக்கும். தரைல உக்காந்து எழுதுறவங்களுக்கு அந்த சாய்வுப் பெட்டிய தான் சொல்லுவேன், மூடியே எழுதுற பலகை, உள்ள தாள், பேனா எல்லாம் போட்டுக்கலாம். அப்படியே ஆத்தங்குடி போனா டைல் செய்றத பாக்கலாம், கண்ணாடி மேல அச்ச வச்சு கலர் சிமெண்ட கரண்டில ஊத்தி, மேல மணலும் சிமெண்டும் போட்டு, சூளைல சுடாம தண்ணில ஊற வச்சு எடுக்குறாங்க, அந்தக் கண்ணாடி தான் அதோட மினுமினுப்புக்கு காரணம். ஒரே ஒரு டைல் வாங்கி மேசைல வச்சா டீ டம்ளர் வைக்க ஆகும், கை பட்டா குளுகுளுன்னு இருக்கும்.

பழைய மரம் வாங்கும் போது எழுதுற மேசை உயரம் 72ல இருந்து 75 சென்டிமீட்டர் இருக்கான்னு டேப் வச்சு பாருங்க, பழைய மேசை சிலது ஒசரமா இருக்கும், தோள் வலிக்கும். அடிப்பக்கம் திருப்பி ஓட்டை, மாவு மாதிரி தூள் இருந்தா பூச்சி இருக்குன்னு அர்த்தம், வெல கொறச்சாலும் எடுக்காதீங்க. வண்டில ஏத்துறதுக்கு முன்னாடி உங்க வீட்டு மாடிப்படி அகலத்தயும் ரூம் கதவு அகலத்தயும் அளந்து எழுதிட்டு போங்க, செட்டிநாட்டு வீட்டுக் கதவுக்கு செஞ்ச சாமான் நம்ம லைன் வீட்டு வாசல்ல நுழையாது.